ஊட்டிக் குளிரும் 10.8 மைலேஜும்

குளிர்காலத்தில் ஒரு நாள் காலை ஃபிங்கர்போஸ்ட்டில் இருந்து கிளம்பி இரண்டாவது கிலோமீட்டர் முடிவதற்குள் டேஷ்போர்டில் ‘இன்ஜின் இன்னும் சூடாகவில்லை’ என்று காட்டும் நீல விளக்கு அணைந்துவிட்டது. வெளியே 4 டிகிரி, எதிர்வீட்டுப் புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. அதற்கு முந்தைய மாதம் இதே குளிரில் சேரிங் கிராஸ் வந்து வண்டியை நிறுத்தும்வரை அந்த விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அதை அணைக்க எனக்கு ஆறு வாரமும் மூவாயிரத்துச் சொச்ச ரூபாயும் ஆனது. அதில் பாதி நாள் தப்பான இடத்தில் தேடியதில் போனது. அதனால் எல்லாவற்றையும் நடந்த வரிசையிலேயே எழுதி வைக்கிறேன்.

வண்டி 2014 மாடல். ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை, தப்பு வண்டியிடம் இல்லை. திருப்பூரில் இருந்தவரை லிட்டருக்கு 18 கொடுத்தது. மாற்றலாகி ஊட்டிக்கு வந்த பிறகு மே மாதத்தில் 14.8. மேடும் வளைவும் முதல் கியரும் இரண்டாம் கியருமாக ஓடும் ஊரில் அவ்வளவு குறையத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். டிசம்பரில் 11.2 வந்தபோது பங்கில் சரியாக நிரப்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அடுத்தது 10.4, அதற்கடுத்தது 10.8. மூன்றின் சராசரியும் அதே 10.8தான்.

கணக்கு எடுத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பங்க், முடிந்தவரை ஒரே பம்ப், துப்பாக்கி முதல் தடவை தானாக நிற்கும்வரை. அதற்கு மேல் ரவுண்டாக்கச் சொல்வதில்லை. எனக்கு ஓட்டம் குறைவு: அலுவலகம் மூன்று கிலோமீட்டர் சொச்சம், பையனின் பள்ளி அதே வழியில், வாரம் ஒருமுறை குன்னூர். பத்து நாளைக்கு 150 கிலோமீட்டர் சேரும், அப்போது நிரப்புவேன். இவ்வளவு சின்ன அளவில் அரை லிட்டர் முன்னே பின்னே போனாலே மைலேஜ் கணக்கு அரைப் புள்ளி ஆடிவிடும். அதனால் ஒரு தடவை வந்த எண்ணை நம்புவதில்லை, மூன்றின் சராசரியைத்தான் பார்த்தேன்.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். ஸ்பார்க் பிளக் மூன்று, ஒன்று 160 ரூபாய். ஏர் ஃபில்டர் 290. பழைய பிளக்கின் நுனி கரிபிடித்து மங்கிய கறுப்பாக இருந்தது. கையில் வைத்துப் பார்த்துவிட்டு ‘பழசாகிவிட்டது’ என்று குப்பையில் போட்டேன். இன்ஜினுக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையில் பெட்ரோல் மிஞ்சுகிறது என்பதை அந்தக் கரி அப்போதே சொல்லியிருக்கிறது, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. 770 ரூபாய் செலவுக்குப் பிறகு மைலேஜ் 10.9.

அடுத்து டயர். குளிரில் டயர் காற்று இறங்கும் என்று கேள்விப்பட்டிருந்தேன். உண்மைதான், பத்து டிகிரி குறைந்தால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) இறங்கும். நான் காற்றடித்தது கோயம்புத்தூரில், 33 பிஎஸ்ஐ, அன்றைக்கு நல்ல வெயில். ஊட்டியில் விடிகாலையில் 28, 29 இருக்கும் என்று எதிர்பார்த்து, காற்று அளக்கும் கேஜை வைத்தால் 32 காட்டியது. கேஜ்தான் ரிப்பேர் என்று நினைத்து வேறொன்றை வாங்கி வந்தேன், அதுவும் 32. பிறகுதான் உறைத்தது. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தமே இங்கு மூன்று பிஎஸ்ஐ அளவுக்குக் குறைவு. கேஜ் காட்டுவது உள்ளே இருப்பதற்கும் வெளியே இருப்பதற்குமான வித்தியாசத்தைத்தானே. குளிர் இறக்கியதில் பெரும்பகுதியை மலை ஏற்றிக் கொடுத்துவிட்டது. ஆக டயரிலும் ஒன்றும் இல்லை.

ஊரில் ஒரு பட்டறையில் காட்டினேன். ஆக்சிஜன் சென்சார் போயிருக்கும், 3,800 ஆகும் என்றார்கள். சொல்லிவிடுகிறேன் என்று நழுவி வந்தேன். அன்று மாலை பக்கத்து வீட்டு டாக்ஸிக்கார அண்ணனிடம் புலம்பியபோது அவர் பானெட்டைத் திறக்கக்கூட இல்லை.

“சார், குன்னூர் போயிட்டு வந்த சூட்டோட ஹீட்டரைப் போட்டுக் கையை வெச்சுப் பாருங்க. சுட்டாதான் வண்டி சரி.”

இந்த வண்டியின் ஹீட்டரை நான் அதுவரை தொட்டதே இல்லை. திருப்பூரில் அதற்கு என்ன வேலை? அந்த ஞாயிறு குன்னூர் போய்த் திரும்பி வந்து சிவப்புப் பக்கம் முழுக்கத் திருப்பி வைத்தேன். வந்த காற்று ஆறிய வெந்நீர் மாதிரி இருந்தது. விரல் நுனிக்கு ஏதோ தெரிந்தது, அவ்வளவுதான். இன்ஜின் சூட்டில்தான் ஹீட்டர் வேலை செய்யும், 36 கிலோமீட்டர் ஓடிய இன்ஜினின் ஹீட்டர் இப்படியா இருக்கும்!

அடுத்து ஓபிடி அடாப்டர், வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் எண்களை போனுக்கு அனுப்பும் கருவி. ப்ளூடூத் வகை, ஈஎல்எம் 327 என்று எழுதியிருக்கும், 650 ரூபாய். ஸ்டியரிங்குக்கு அடியில் முழங்காலுக்கு மேலே அதற்கான சாக்கெட் இருக்கிறது. குத்திவிட்டு போனில் இலவச ஆப் ஒன்றைத் திறந்தால் கூலன்ட் (இன்ஜினை ஆற்றச் சுற்றிவரும் திரவம்) சூடு, ஆர்பிஎம் (இன்ஜின் சுற்றும் வேகம்) எல்லாம் எண்ணாக வந்துவிடும். இந்த வண்டியில் டெம்பரேச்சர் முள் கிடையாது. இன்ஜின் ஆறியிருந்தால் நீல விளக்கு, எல்லை மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, நடுவில் என்ன நடக்கிறது என்று தெரிய வழியே இல்லை. இத்தனை நாளும் அந்த அடாப்டர் இல்லாமல் மைலேஜைத் தேடியது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடியதுதான். பிளக்குக்கு முன்னால் இதை வாங்கியிருக்க வேண்டும்.

நான்கு நாள் நோட்டில் குறித்தேன். காலை 7.50, வெளியே 5 டிகிரி. சாவியைத் திருப்பும்போது கூலன்ட் 6, ஐட்லிங் 1,300 ஆர்பிஎம். எல்லோரையும் போல நானும் பத்து நிமிடம் வண்டியைச் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றுவேன். பத்து நிமிடம் கழித்து 34. சேரிங் கிராஸ் வரும்போது 46. குன்னூர் போகும் நாளில் கேத்தி பக்கம் 55 வரை ஏறும். எல்லநள்ளி தாண்டி அருவங்காடு இறக்கத்தில் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துவிட்டு உருண்டு வரும்போது 53, 49, 45 என்று கண்ணெதிரே இறங்கும். 41இல் அணைந்திருந்த நீல விளக்கு மறுபடி எரிந்தது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில், அதுவும் 25ஆவது நிமிடத்தில்! திரும்பி வரும்போது ஏற்றத்தில் மட்டும் 66 தொட்டது.

நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் 80க்கு மேல் ஏறி அங்கேயே நிற்க வேண்டும். அதற்குக் கீழே இருக்கும்வரை இன்ஜினின் கம்ப்யூட்டர் ‘இன்னும் குளிர்தான்’ என்று கூடுதலாகப் பெட்ரோல் பீய்ச்சும். சில்லிட்ட உலோகத்தில் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் துளியாக ஒட்டிக்கொள்ளும், அந்தக் குறையை ஈடுகட்டத்தான் இது. ஆர்பிஎம்மையும் தூக்கி வைத்திருக்கும். ஆயில் கெட்டியாக இருப்பதால் இன்ஜின் தன்னையே சுற்றிக்கொள்ளவும் அதிகம் உழைக்கும். என் வண்டி மாதக் கணக்கில் காலை நேரத்து வண்டியாகவே ஓடியிருக்கிறது.

இப்போது பழைய கதை ஒன்று ஞாபகம் வந்தது. திருப்பூரில் ஒரு கோடையில் ரேடியேட்டர் ஃபேன் மோட்டார் எரிந்து வண்டி கொதித்தது. மோட்டாரை மாற்றிக் கொடுத்த மெக்கானிக் சொன்னார்: “உள்ள ஒரு வால்வு இருக்கும் சார், அதையும் எடுத்துட்டேன். இனிமே சூடே ஏறாது.” நானும் சந்தோஷமாகப் பணம் கொடுத்துவிட்டு வந்தேன். நம் சமவெளியில் இது சர்வ சாதாரணம். தெர்மோஸ்டாட் வால்வு என்றாலே ஏதோ வண்டியைக் கொதிக்க வைக்க வந்த எதிரி மாதிரி பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். திருப்பூரின் 35 டிகிரியில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடி வைத்து, 82 டிகிரி வந்த பிறகு திறந்துவிடுவதுதான் அந்த வால்வின் ஒரே வேலை. அது இல்லாததால் ஊட்டிக் காற்றில் ரேடியேட்டர் நாள் முழுக்க இன்ஜினை ஆற்றிக்கொண்டிருக்கிறது.

சந்தேகம் இவ்வளவு உறுதியான பிறகும் பிரிக்கச் சோம்பல். இங்கே லாரிக்காரர்கள் சிலர் குளிர்காலத்தில் ரேடியேட்டர் முன்னால் சாக்கு கட்டுவார்கள். நானும் ஒரு டிவி பெட்டி அட்டையை வெட்டி, கிரில்லுக்குப் பின்னால் முக்கால் பாகம் மறைக்கிற மாதிரி டேக் போட்டுக் கட்டினேன். செலவு பூஜ்யம். சேரிங் கிராஸில் 46 இருந்த இடத்தில் 58 வந்தது. ஆஹா என்று நான்கு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் மத்தியானம் வெயில், வண்டியில் ஐந்து பேர், குன்னூரில் இருந்து ஏற்றம். வெலிங்டன் தாண்டியதும் 80, அருவங்காட்டில் 91, அதற்கு மேல் 98, ஃபேன் கத்த ஆரம்பித்தது. ஓரம் கட்டி அட்டையைப் பிய்த்து எடுத்தேன், ஒரு மூலை ஃபேன் பக்கம் வளைந்து உரசியிருந்தது. ரேடியேட்டர் மறைப்பு லாரிக்கு எப்படியோ, சின்ன காருக்கு வேண்டாம். தேவைக்குத் தகுந்தபடி திறந்து மூட அதற்குத் தெரியாது, வால்வுக்குத்தான் தெரியும்.

சரி, பிரித்தாக வேண்டும். சனிக்கிழமை காலை, இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ஆரம்பித்தேன். சூடான வண்டியில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, முகத்தில் அடிக்கும். ரேடியேட்டர் அடியில் இருந்த வெள்ளை பிளாஸ்டிக் வடிகால் திருகைக் கையால் திருப்பி, பழைய பெயின்ட் வாளி ஒன்றை வைத்தேன். பச்சையாகவோ சிவப்பாகவோ கூலன்ட் வரும் என்று பார்த்தால், வந்தது செம்மண் குட்டைத் தண்ணீர். வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறார்கள்! உறைபனி விழும் ஊரில் ராத்திரி முழுக்கத் திறந்த வெளியில் நிற்கும் வண்டியில் வெறும் தண்ணீர். மைலேஜ் போனதை விட இதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி.

ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) இன்ஜினில் சேரும் இடத்தில் அலுமினிய வளைவு ஒன்று இருக்கிறது, அதுதான் வால்வு உட்காரும் வீடு. பத்தாம் நம்பர் ஸ்பேனர் பிடிக்கும் போல்ட் இரண்டு. முன்னால் இருந்தது உடனே வந்தது. பின்னால் இருந்தது அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி நெம்பலாம் என்று கை போனது, நல்லவேளை நிறுத்தினேன். ஆறு மில்லிமீட்டர் போல்ட், தலை துண்டாகி அலுமினியத்துக்குள் மாட்டிக்கொண்டால் இன்ஜினைத் துளைபோட லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும். துரு விடுவிக்கும் ஸ்ப்ரே 190 ரூபாய்க்கு வாங்கி வந்து அடித்து, ஸ்பேனர் தலையில் சுத்தியலால் நாலு தட்டு தட்டி, ராத்திரி முழுக்க விட்டுவிட்டேன். ஞாயிறு காலை மறுபடி ஸ்ப்ரே, மறுபடி தட்டல். முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு, அப்புறம் கழற்றும் பக்கம். ‘கிரீச்’ என்று ஒரு சத்தம், வந்துவிட்டது. இரண்டு போல்ட்டையும் புதிதாக மாற்றிவிட்டேன்.

வளைவைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. வால்வு உட்காரும் பள்ளத்தில் துருச் சேறு மட்டும். பேக்கிங்குக்குப் பதில் அனபாண்ட் பசை தாராளமாக அப்பியிருந்தது. அதைச் சுரண்ட ஒரு மணி நேரம் ஆனது. இரும்புத் தகடு கொண்டு சுரண்டாதீர்கள், அலுமினியத்தில் கோடு விழும், அந்தக் கோடு வழியாகவே பிறகு கசியும். பழைய ஏடிஎம் கார்டு போதும்.

புது வால்வு கோயம்புத்தூரில் இருந்து வரவழைத்தது, 720 ரூபாய், ரப்பர் வளையத்தோடு. பித்தளை உடம்பு, நடுவில் ஸ்பிரிங், அடியில் மெழுகு அடைத்த சின்னக் குப்பி. மெழுகு உருகி விரியும்போது ஸ்பிரிங்கைத் தள்ளித் திறக்கும். விளிம்பில் 82 என்று குத்தியிருக்கும். பெட்டியின் மேல், 95 டிகிரியில் 8 மில்லிமீட்டர் திறக்கும் என்று அச்சிட்டிருந்தது. மாட்டுவதற்கு முன் வெந்நீரில் போட்டுச் சோதிக்கலாம் என்று பால் காய்ச்சும் பாத்திரத்தை அடுப்பில் ஏற்றினேன்.

“ஏங்க, பால் பாத்திரத்துலயா?” என்றாள் மனைவி. புது வால்வுதான், கூலன்ட் படாதது என்று சமாதானம் சொன்னேன்.

சோதிக்கும் விதம் இது: வால்வின் வாயில் ஒரு தையல் நூலைக் கடிக்க வைத்து, அந்த நூலிலேயே வால்வைத் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. பக்கத்தில் சமையல் தெர்மாமீட்டர், 350 ரூபாய். தண்ணீர் சூடாகிக்கொண்டே வர, 81.6 காட்டும்போது வால்வு நூலை விட்டு ‘டங்’ என்று கீழே விழுந்தது. திறக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். இதைப் பார்க்கப் பையனுக்கு அவ்வளவு சந்தோஷம், மூன்று தடவை செய்ய வைத்தான். மூன்று தடவையும் 81க்கும் 83க்கும் நடுவில்தான்.

பிறகு முழுத் திறப்பை அளக்கலாம் என்று கொதிக்கவிட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, வால்வு 6 மில்லிமீட்டர்தான் திறந்திருக்கிறது. பத்து நிமிடம் கொதித்தும் அதே 6. தெர்மாமீட்டர் 92.5இல் நின்றுவிட்டது. வால்வும் டூப்ளிகேட், தெர்மாமீட்டரும் டூப்ளிகேட் என்று திட்டிக்கொண்டே பில்லைத் தேடினேன். அடுப்பைப் பார்த்தபடியே மனைவி சொன்னாள்:

“இந்த ஊர்ல குக்கர் இல்லாம துவரம் பருப்பே வேகல. தண்ணிக்கு இங்க அவ்ளோதான் சூடு.”

அதேதான். இந்த உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93இலேயே கொதித்துவிடும். 95 டிகிரி சோதனையை ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் செய்யவே முடியாது. டயர் விஷயத்தில் ஒரு தடவை ஏமாந்த பிறகும் மலையை மறந்திருக்கிறேன். வண்டிக்குள் இந்தக் கவலை இல்லை, ரேடியேட்டர் மூடி குக்கர் வெயிட் மாதிரி அழுத்தம் பிடித்து வைத்திருக்கும்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. வால்வின் விளிம்பில் ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடும் குண்டூசித் தலை போன்ற ஒன்றும் இருக்கும். அது காற்று வெளியேறும் வழி, மேல்பக்கம் இருக்க வேண்டும். ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி. ரப்பர் வளையம் இருப்பதால் அனபாண்ட் தேவையில்லை. போல்ட்டை விரலால் முழுக்க ஏற்றிவிட்டு, சின்ன ஸ்பேனரால் இரண்டு பக்கமும் மாறி மாறி இறுக்கினேன். இறுக்கத்தை அளந்து திருகும் டார்க் ரெஞ்ச் என்னிடம் இல்லை. மணிக்கட்டு பலம் மட்டும், தோள் பலம் வேண்டாம் என்பதுதான் அளவு.

மூடுவதற்கு முன் தண்ணீர் ஊற்றி, ஓட்டி, வடித்து, இரண்டு தடவை அலசினேன். செம்மண் நிறம் போன பிறகு கலந்தே வரும் கூலன்ட் ஊற்றினேன், 4 லிட்டர், லிட்டர் 280. இதில் தண்ணீர் கலக்கக்கூடாது. வடித்த பழைய கூலன்ட் எங்காவது இருந்தால் நாய் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், லேசாக இனிக்கும், நக்கினால் செத்துப்போகும்.

இங்கே கடைசித் தப்பு. என் வீட்டு வாசல் சரிவு, வண்டியின் மூக்கு கீழ்ப்பக்கம். அப்படியே நிரப்பி ஸ்டார்ட் செய்தேன். ஆப்பில் 60, 75, 88, 94 என்று ஏறிக்கொண்டே போகிறது, ஹீட்டரில் வருவதோ குளிர்ந்த காற்று. மேல் ஹோஸ் ஒரு பக்கம் சுடுகிறது, இன்னொரு பக்கம் ஜில்லென்று இருக்கிறது. வயிற்றைக் கலக்கியது. அணைத்துவிட்டேன். உள்ளே காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது. முழுக்க ஆற விட்டு, வண்டியைத் திருப்பி மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தேன். மேல் ஹோஸைத் துணியால் பிடித்து அமுக்கி அமுக்கி விட்டேன். குபுக் குபுக் என்று குமிழிகள் வந்தன, மட்டம் கீழே போனது, இன்னும் முக்கால் லிட்டர் வாங்கிக்கொண்டது. பிறகு மூடி போட்டு ஃபேன் ஓடும்வரை காத்திருந்தேன். 96இல் ஓடியது, 91இல் நின்றது. ஹீட்டரில் கை வைத்தேன், சுட்டது. டாக்ஸி அண்ணனைக் கூப்பிட்டுக் கை வைக்கச் சொன்னேன். “இதான் சார் ஹீட்டர்” என்றார்.

புதிய எண்கள்: ஸ்டார்ட்டில் 6, சேரிங் கிராஸில் 74, ஐந்தாவது கிலோமீட்டரில் 82. அதற்கு மேல் 82க்கும் 88க்கும் நடுவிலேயே ஆடுகிறது. அருவங்காடு இறக்கத்தில் குறைந்தபட்சம் 79.

மைலேஜ் அடுத்த மூன்று தடவையில் 12.9, 13.3, 13.1. வால்வு ஒன்றே 10.8ஐ 13.1 ஆக்கிவிட்டது என்று எழுதி முடித்திருப்பேன், ஆனால் நோட்டைப் பார்த்தபோது ஒரு ஓட்டை தெரிந்தது. வால்வு மாட்டிய அதே வாரத்தில் காலையில் பத்து நிமிடம் சும்மா ஓடவிடும் பழக்கத்தையும் நிறுத்தியிருந்தேன். ஸ்டார்ட் செய்து அரை நிமிடம், கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்பி, முதல் இரண்டு கிலோமீட்டர் மெதுவாக ஓட்டுவது என்று மாறியிருந்தேன். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? அதனால் உறைபனி இருக்கும்போதே, பத்து நாள் மறுபடி பழைய மாதிரி பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். 11.8 வந்தது.

அதாவது வால்வு கொடுத்தது 1, என் பத்து நிமிடப் பழக்கம் குடித்தது 1.3. ஒரே ஒரு நிரப்பல்தான், அரைப் புள்ளி தவறலாம், தெரியும். ஆனாலும் ரூபாய் செலவழித்துப் பிரித்து மாட்டியதற்குச் சமமாகவாவது, சாவியைத் திருப்பிவிட்டு உள்ளே போய்க் காபி குடித்தது தின்றிருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. நிற்கிற வண்டிக்கு மைலேஜ் பூஜ்யம். ஐட்லிங்கில் இன்ஜின் மெதுவாகத்தான் சூடேறும், ஓட்டினால் சீக்கிரம் ஏறும். வால்வு மாட்டிய பிறகு என் நோட்டிலேயே இருக்கிறது: சும்மா ஓடவிட்டால் 60 தொட பன்னிரண்டு நிமிடம், ஓட்டினால் ஐந்தே நிமிடம்.

மே மாதத்து 14.8 திரும்ப வரவில்லை, வராது என்றும் இப்போது தெரிகிறது. அமெரிக்க எரிசக்தித் துறை கொடுக்கும் கணக்குப்படி 25 டிகிரியில் ஓடும் பெட்ரோல் கார் மைனஸ் 7இல் நகர ஓட்டத்தில் 15 சதவீதம் போல மைலேஜ் இழக்கும். ஐந்தாறு கிலோமீட்டர் சின்ன ஓட்டமாக இருந்தால் 24 வரை போகலாம். ஊட்டி மைனஸ் 7 இல்லை, ஆனால் என் ஓட்டம் அதைவிடச் சின்னது. சேரிங் கிராஸ் வரும்போது 74 என்றால், சூடேறி முடிவதற்குள் ஆபீஸ் வந்துவிடுகிறது. என் இழப்பு 27 சதவீதத்தில் இருந்து 11க்கு இறங்கியிருக்கிறது. மிச்சம் குளிருடையது.

அதிலும் கொஞ்சம் பிடுங்கலாமா என்று பார்க்கிறேன். நாள் முழுக்க ஆபீஸ் வாசலில் நின்ற வண்டி சாயங்காலம் 14 டிகிரியில் கிடக்கும். மார்க்கெட்டில் 40 நிமிடம் நின்ற வண்டி இன்னும் 63இல் இருக்கும். அதனால் வீட்டுக்கு வந்துவிட்டு மறுபடி காய்கறிக்குக் கிளம்புவதை விட்டுவிட்டேன், ஆபீஸில் இருந்து நேராக மார்க்கெட், பிறகு வீடு. மார்ச்சில் ஆயில் மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே இருந்தது சமவெளியில் ஊற்றிய, குளிரில் கெட்டியாகும் 20டபிள்யூ-40, வண்டியின் புத்தகமோ குளிரிலும் இளகி ஓடும் 5டபிள்யூ-30 என்கிறது. மாற்றிய மறுநாள் காலை ஸ்டார்ட்டர் ‘ர்ர்ர்... ர்ர்ர்’ என்று முனகாமல் ஒரே மூச்சில் சுற்றியது. மைலேஜில் என் நோட்டுக்குத் தெரிகிற அளவுக்கு வித்தியாசம் இல்லை, வெயிலும் வர ஆரம்பித்துவிட்டது.

செலவு: வால்வு 720, புது போல்ட் 60, கூலன்ட் கடைசியில் ஐந்து லிட்டர் ஆனது 1,400, ஹோஸை இறுக்கும் கிளாம்ப் இரண்டு 80, ஸ்ப்ரே 190. ஆக 2,450. அடாப்டரும் தெர்மாமீட்டரும் 1,000, அவை கையில் இருக்கின்றன. பிளக்கும் ஃபில்டரும் தேவைக்கு முன்னால் மாற்றிய வகையில் 770 வீண். இரண்டாவது டயர் கேஜைக் கணக்கில் சேர்க்கவில்லை, மனைவிக்கு இன்னும் தெரியாது. மாதம் 450 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஏழு லிட்டர் மிச்சம், லிட்டர் 102 என்று வைத்தால் 700 ரூபாய்க்கு மேல். குளிர்காலத்தில் மட்டும்.

அடுத்த தடவை செய்தால்: முதல் நாளே ஹீட்டரில் கை, இரண்டாம் நாள் அடாப்டர். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவேன். மேட்டுப் பக்கம் மூக்கு வைத்துத்தான் பிரிக்கவே ஆரம்பிப்பேன். பழைய ஹோஸையும் சேர்த்து மாற்றியிருக்கலாம். இப்போது கிளாம்புக்கு அடியில் காலையில் ஒரு பச்சைத் துளி நிற்கிறது, சூடானதும் காய்ந்துவிடுகிறது. கிளாம்பை அரைச் சுற்று இறுக்கி, அடியில் செய்தித்தாள் விரித்து வைத்திருக்கிறேன். சனிக்கிழமை பார்க்க வேண்டும்.